தேர்ட் ஷை எழுதுவதா, கொழும்புக்குப் போவதா?

நோர்வூட்_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

தம்பி உயர்தரம் உயிரியல் பிரிவு. முதல் தடவை பௌதிகவியல் காலை வாரிவிட்டது, F. இரண்டாம் தடவை உயிரியல் C, இரசாயனவியல் C, பௌதிகவியல் S, அதாவது சாதாரணச் சித்தி. டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவன் சொல்வது. தேர்ட் ஷை, அதாவது மூன்றாம் தடவையும், எழுதியே தீருவேன் என்கிறான். அப்பாவோ, "போதும்டா, மாமா கடையில் ஆள் கேட்கிறாங்க, கொழும்புக்குக் கிளம்பு" என்கிறார். மாமா புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறார். அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறார். எனக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. நான் வீட்டுக்குக் கொடுப்பதில் பெரும்பங்கு அவனுடைய டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடுகிறது.

அவன் சோம்பேறி இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறான். சுவரில் "முயற்சி திருவினையாக்கும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கிடைத்துவிடும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? "நம்பிக்கையை விடாதீங்க அக்கா" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை ஃபேஸ்புக்கில் தினமும் பார்க்கிறேன்.

சிங்கமலைச்_சிங்கம்

தங்கச்சி, ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். முரளி. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன், நம்ம கண்டிப் பையன்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நடுவர் டெரல் ஹெயார், பந்தை எறிகிறான் என்று ஏழு தடவை நோபோல் கொடுத்தார். வேறொருவனாக இருந்தால் அடுத்த பிளேனில் ஏறி வந்து அப்பாவின் பிஸ்கட் வியாபாரத்தைப் பார்த்திருப்பான். 1999 இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர், திரும்பவும் அதே கதை. மனிதர் விட்டாரா? 2010 இல் காலியில் கடைசி டெஸ்டுக்கு இறங்கும்போது 800 க்கு இன்னும் 8 விக்கெட் தேவை. தன் டெஸ்ட் வாழ்க்கையில் வீசிய கடைசிப் பந்தில் அந்த எட்டாவதை எடுத்தார்.

உங்கள் தம்பி இரண்டு தடவைதான் எழுதியிருக்கிறான். அதற்குள் கொழும்புக் கடையா? பையனைக் கலைக்காதீர்கள்.

நிரைக்காரி_மகள்

சிங்கம் அண்ணா, முரளி என்றால் எனக்கும் உயிர். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், திரும்பி வந்தால் பார்ப்பதற்கு ஒரு பிஸ்கட் வியாபாரம் இருந்தது என்று. சின்ன வயதிலேயே கண்டி சென் அந்தோனிஸ் கல்லூரியில் விடுதிப் படிப்பு. அங்கே நல்ல பயிற்சியாளர். பையன் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தான், "உனக்கு ஓஃப் ஸ்பின்தான் சரி" என்று பதினாலு வயதில் மாற்றிவிட்டவர் அவர்தான். அடிலெய்டில் நோபோல் கொடுத்ததும் அர்ஜுன ரணதுங்க முழு அணியையும் எல்லைக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். அதற்கு முன்பே, 1996 இல், மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் அவருடைய கையைப் படம்பிடித்து அளந்து பார்த்தார்கள். பின்னால் ஐசிசி சட்டத்தையே மாற்றி, எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நீளலாம் என்றது. முரளி விடவில்லை, சரி. அவரையும் மற்றவர்கள் விட்டுவிடவில்லை. இந்த இரண்டாவது பாதியை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை?

விடாமுயற்சி எங்கள் லயத்தில் நிறையவே இருக்கிறது அண்ணா. அம்மா காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, ஏழரைக்கெல்லாம் மலையில் நிற்பார். சவுக்காரம் அட்டைக்கு. அது முதல் மழையிலேயே கரைந்து போய்விடும், பிறகு அட்டை கடித்தால் கடித்ததுதான். எங்கள் பக்கம் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ. நல்ல மழை மாதத்தில் அந்த 18 ஒன்றுமே இல்லை, மேல்கொழுந்துக் காசும் கிடைக்கும். தை, மாசி வெயிலில் அதே மலை, அதே நிரை, அதே கைதான். செடி துளிர்க்காமல் அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னேரம் தராசில் போட்டு, கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தால், அம்மாவுக்கு அரைப்பேர். தைமாதத்தில் அம்மாவின் முயற்சி குறைந்தா போனது?

சிங்கமலைச்_சிங்கம்

அப்போ முயற்சியே வேண்டாம், எல்லாம் செடியின் கையில் என்கிறீர்களா? இப்படிப் பேசிப் பேசித்தான் நம்ம பிள்ளைகள் சாதாரண தரத்தோடு நிற்கிறார்கள். கேட்டால் தோட்டம், லயம், வெள்ளைக்காரன் என்று காரணம் சொல்வது.

நிரைக்காரி_மகள்

வெள்ளைக்காரனை நான் இழுக்கவே இல்லை.

கங்காணி_பேரன்

அவர் இழுக்கவில்லை, நான் இழுக்கிறேன். 😀

இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945 இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். அதுவரை ஒரே வாத்தியார், ஒரே மண்டபம், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நடுவில் 1948 இல் நம்மை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம், 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று ஆளைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003 இல். என் தாத்தா நாடற்றவராகவே வாழ்ந்து செத்தார். அந்த மனிதருக்கு விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் சிங்கம் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விடாமல் கேட்டதால்தான் ஒவ்வொன்றும் கிடைத்தது. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை எடுங்கள். எத்தனை ஊர்வலம், எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேச்சுவார்த்தை. 2021 இல் சம்பளச் சபை மூலமாக வந்தது. வந்த அடுத்த வருடமே நாடு கவிழ்ந்து, ஆயிரத்துக்கு இருந்த மதிப்பும் போனது. திரும்பக் கேட்டு 2024 இல் 1350 ஆனது. தனி ஆளாக யாராவது கேட்டிருந்தால் துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்தே பெயரை வெட்டியிருப்பார்.

மட்டுறுத்துநர்

சம்பளப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அந்தத் தங்கச்சி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

பென்சன்_வாத்தியார்

மகள், நான் பௌதிகவியல் படிப்பித்தவன், இப்போது ஓய்வு. உங்கள் தம்பி தேர்ட் ஷை எழுதலாமா, வேண்டாமா என்று சொல்வதற்கு முன்னால் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி. இந்த இரண்டாம் தடவைப் பெறுபேற்றோடு பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பினானா? இரண்டு C, ஒரு S என்றால் மூன்று பாடமும் சித்தி. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி இருந்தால் விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடுகிறது. நம்ம பிள்ளைகள் செய்யும் பெரிய வேலை இதுதான். மருத்துவபீடம் கிடைக்காது என்று தெரிந்ததும் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டையே திறக்க மாட்டார்கள். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் இந்த 16 மாவட்டங்களுக்கு. கொழும்பில் இதே பெறுபேறோடு வீட்டில் இருக்கிறவனும் நுவரெலியாவில் இதே பெறுபேறோடு இருக்கிறவனும் ஒன்றல்ல.

இரண்டாவது. நாலு மணிக்கு எழும்பி என்ன படிக்கிறான்?

மூன்றாவது. பௌதிகவியல் S என்றால் எங்கே புள்ளி போனது, பல்தேர்விலா, அமைப்புக் கட்டுரையிலா, கட்டுரையிலா? அவனுக்கு அது தெரியுமா?

சுண்டெலி

வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் நுவரெலியாவில் பதிந்து எழுதி நம்ம இடத்தை எடுப்பதைப் பற்றியும் பேசுங்க சேர்.

மட்டுறுத்துநர்

அதற்கும் தனி இழை இருக்கிறது. நாலு வருடமாக ஓடுகிறது.

நோர்வூட்_அக்கா

சேர், நன்றி. அவனிடம் கேட்டேன். விண்ணப்பம் நிரப்பவில்லை. "எதுக்கு, நான் எப்படியும் திரும்ப எழுதப் போறேனே" என்கிறான். இன்னும் ஒரு கிழமை இருக்கிறதாம்.

நாலு மணிக்குப் படிப்பது டியூஷன் நோட்ஸ். அதை மூன்று நிறப் பேனாவில் திரும்பத் திரும்ப எழுதுகிறான். கொப்பிகளைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். பாஸ்ட் பேப்பர் செய்தாயா என்றால், "முதலில் நோட்ஸை முடிக்கணும்" என்கிறான். எங்கே புள்ளி போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வந்ததே பதின்மூன்றாம் வகுப்பில்தான். அதுவரை இரசாயனவியல் டீச்சர்தான் பாவம் சமாளித்தார்.

பென்சன்_வாத்தியார்

நான் நினைத்ததுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்ஸை மூன்றாம் முறை அழகாக எழுதுகிறவனுக்குப் படித்த மாதிரியே இருக்கும். கை வலிக்கும், கண் எரியும், மனசுக்குத் திருப்தி. ஆனால் எதையும் பிழையாகச் செய்ய வாய்ப்பில்லை, அதனால் எதையும் திருத்தவும் வாய்ப்பில்லை. இப்படி உழைத்து வருகிற பிள்ளைக்கு "இன்னும் விடாமல் முயற்சி செய்" என்று நாம் சொன்னால், இன்னொரு வருடம் இன்னும் அழகாக நோட்ஸ் எழுதும்.

செய்ய வேண்டியது இது. பத்து வருடத்துப் பௌதிகவியல் வினாத்தாள்களை எடுக்க வேண்டும். நோட்ஸ் முடியும் வரை காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே. பல்தேர்வு 50 வினாவை இரண்டு மணித்தியாலத்தில், மணிக்கூட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து, சிவப்புப் பேனாவால் தானே திருத்த வேண்டும். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுத வேண்டும்: தெரியாது, அவசரம், அலகு, கணக்கு. நாலைந்து தாள் முடிந்ததும் அந்தச் சொற்களை எண்ணட்டும். நம்ம பிள்ளைகள் நிறையப் பேருக்கு விடயம் தெரியும், அலகு மாற்றுவதில் விழுவார்கள். சென்ரிமீற்றரை மீற்றராக்காமல் அப்படியே பிரதியிட்டுவிட்டு, விடை வரவில்லை என்று முழுக் கேள்வியையும் வெட்டிவிட்டுப் போவார்கள். அமைப்புக் கட்டுரையில் வரைபு வந்தால் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் போட மாட்டார்கள். இதெல்லாம் புத்திக் குறைவு இல்லை. பக்கத்தில் இருந்து "இங்கே பார்" என்று சொல்ல ஆளில்லாத குறை. பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு அந்த ஆள் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே இருக்கிறார். உங்கள் தம்பிக்குப் பதின்மூன்றில்தான் வந்திருக்கிறார். F இலிருந்து S க்கு அவன் ஏறியிருக்கிறான் என்பதை வீட்டில் யாராவது அவனிடம் சொன்னீர்களா?

விண்ணப்பத்தை இந்தக் கிழமையே அனுப்புங்கள். அதற்கும் தேர்ட் ஷைக்கும் சண்டை இல்லை. ஆனால் ஒன்று: ஓர் இடம் கிடைத்துப் பதிந்துவிட்டால் பிறகு திரும்ப வேறொரு பீடத்துக்குப் போவது லேசில்லை. அதனால் எதை எந்த ஒழுங்கில் போடுகிறான் என்பதை யோசித்துப் போட வேண்டும்.

பேராதனைப்_பழசு

சேர் சொன்னதற்குக் கொஞ்சம் ஆராய்ச்சிப் பக்கத்தையும் சேர்க்கிறேன். உளவியல் படித்தவன் என்ற உரிமையில்.

விடாமுயற்சியை அளவிட்டுக் காட்டியவர் என்று உலகமெல்லாம் பேசுவது அமெரிக்காவின் அஞ்சலா டக்வர்த் பற்றி. 2007 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். சேர்ந்தவுடன் கோடைகாலத்தில் ஒரு கொடுமையான பயிற்சி உண்டு. யார் பாதியில் ஓடுகிறார்கள், யார் தாக்குப் பிடிக்கிறார்கள் என்பதை, கல்லூரி வைத்திருந்த நுழைவுப் புள்ளியை விட டக்வர்த்தின் விடாப்பிடிக் கேள்விக்கொத்து நன்றாகச் சொன்னது. இந்தப் பகுதிதான் மேடைக்குப் போனது. பிறகு 2019 இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அதே கல்லூரி மாணவர்களைப் பார்த்தபோது, பயிற்சியைத் தாங்குவதற்கு விடாப்பிடி உதவியது. வகுப்பில் புள்ளி எடுப்பதற்கோ அறிவுத்திறன்தான் அதிகம் உதவியது. தாங்குவது வேறு, புள்ளி எடுப்பது வேறு என்று ஆகிறது.

2017 இல் இன்னொரு குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. 66 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவு. கல்விப் பெறுபேற்றோடு தொடர்பு இருக்கிறது, ஆனால் பேசப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. எனக்குப் பிடித்தது அதற்குள் இருந்த ஒரு பிரிப்பு. உழைப்பை விடாமல் இருப்பது, ஆர்வத்தை மாற்றாமல் இருப்பது என்று இரண்டு பகுதி அந்தக் கேள்விக்கொத்தில் உண்டு. பெறுபேற்றோடு கூடுதலாகச் சேர்ந்து வருவது முதலாவது. ஒரே ஆசையை வருடக்கணக்காகப் பிடித்திருப்பதற்கு அவ்வளவு பலன் தெரியவில்லை. அதாவது தம்பி மருத்துவத்தை விட்டு வேறொன்றுக்குப் போனால், அவன் விடாமுயற்சியை விட்டுவிட்டான் என்று கணக்கு எழுத வேண்டியதில்லை.

நிரைக்காரி_மகள் சொன்னதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்து 2013 இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத நாட்களில், அதே விவசாயி சிந்தனைச் சோதனையில் குறைவாக எடுக்கிறார். அறுவடைப் பணம் வந்த பிறகு கூடுதலாக எடுக்கிறார். மனிதர் ஒருவர்தான். மாறியது வீட்டுக் கவலை. தம்பி படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் "கொழும்புக்குப் போ" என்ற பேச்சு தினமும் நடந்தால், அதுவும் அவனுடைய புள்ளியில் ஒரு பங்கு எடுக்கும்.

சிங்கமலைச்_சிங்கம்

ஆராய்ச்சி எல்லாம் சரி. நான் தோட்டத்திலிருந்து வந்தவன்தான். எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை. நானாகத்தான் முன்னேறினேன்.

நிரைக்காரி_மகள்

சீண்டவில்லை, உண்மையாகவே கேட்கிறேன் அண்ணா. நீங்கள் படித்த காலத்தில் வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள்?

சிங்கமலைச்_சிங்கம்

அண்ணன் பார்த்தார். அவர் எட்டாம் வகுப்போடு நின்று ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனார்.

சரி, புரிகிறது நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று. ஆனால் முயற்சியும் என்னுடையதுதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிரைக்காரி_மகள்

விட்டுக்கொடுக்க வேண்டாமே. அண்ணனையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கொழும்பு13

எல்லோரும் கொழும்புக் கடை என்றால் ஏதோ ஜெயில் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் சாதாரண தரத்துக்குப் பிறகு இங்கே வந்தவன். கடைக்கு மேல் தட்டில் சாக்குக்குள் நித்திரை, ஆரம்பத்தில் ஆணி எண்ணுவதுதான் வேலை. ஆனால் ஆணி எண்ணிய இடத்தில்தான் ஸ்டொக் என்றால் என்ன, கடன் என்றால் என்ன, எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கலாம் என்பதெல்லாம் படித்தேன். பிறகு பின்னேர வகுப்புக்குப் போய் ஏஏரி என்ற கணக்கியல் படிப்பை முடித்தேன். இப்போது கணக்குப் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. இதற்கும் பொறுமை வேண்டும், பரீட்சைக்கு மட்டுமில்லை.

ஆனாலும் தங்கச்சி, உங்கள் மாமா "கடையில் நின்றுகொண்டே படிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். ஷட்டர் இறக்க இரவு எட்டாகும். பிறகு சாப்பாடு, குளிப்பு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மங்கும். எனக்கு முதலாளி நல்லவர், ஆறு மணிக்கு விட்டார், அதனால்தான் வகுப்புக்குப் போக முடிந்தது. எழுதுவது என்றால் முழுதாக எழுதட்டும். கடை என்றால் முழுதாகக் கடை. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டும் போகும்.

பதுளைப்_பெண்

விண்ணப்பத்தைப் பற்றி மட்டும். நான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படித்தேன். அங்கே தேயிலைத் தொழினுட்பம் என்று ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம், பல இடங்களில் விவசாயம், உயிரியல் விஞ்ஞானம். வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும், அதனால் நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்க் கையேட்டில் உயிரியல் பகுதியை வரிவரியாக வாசியுங்கள். பெயரைப் பார்த்து வெட்டிவிடாமல், உள்ளே என்ன பாடம், முடித்தால் என்ன வேலை என்று பாருங்கள். எங்கள் பட்ச்சில் தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். அந்தப் படிப்பு இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

நோர்வூட்_அக்கா

பதுளை அக்கா, தேயிலைத் தொழினுட்பம் என்று அப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தேயிலையை விட்டு ஓடத்தானே படிக்க வைக்கிறோம், அதையே போய்ப் படிக்கச் சொல்றியா?" என்றார். அம்மா மட்டும், "படிச்சிட்டு வந்தா தராசுப் பக்கம்தானே நிப்பான்" என்றார். இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சேர், அவன் F இலிருந்து S க்கு வந்ததை நாங்கள் யாரும் சொல்லவில்லை. நேற்றிரவு சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, போய்ப் படுத்துவிட்டான்.

கங்காணி_பேரன்

உங்கள் அம்மாவுக்கு ஒரு சல்யூட். ஆனால் தராசுப் பக்கம் நிற்கப் போகிறவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஈரத்துக்கு ரொம்பக் கழிக்க வேண்டாம் என்று.

தம்பி_நான்தான்

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையில் பேசப்படுகிற தம்பி நான்தான். அக்கா போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார், வாசித்துவிட்டேன். கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு இரண்டு தடவை வாசித்தேன்.

சில விஷயம் சொல்ல வேண்டும். நான் நாலு மணிக்கு எழும்புவது விடாமுயற்சியால் இல்லை. வீட்டில் ஒரு காம்பரா, ஒரு குசினி. இரவு பத்து வரைக்கும் டிவி, அடுத்த வீட்டுச் சத்தம், அப்பாவின் இருமல். நாலிலிருந்து ஐந்தரை வரைதான் எனக்கென்று மேசை கிடைக்கும். ஐந்தரைக்கு அம்மா அடுப்பு மூட்டுவார்.

பாஸ்ட் பேப்பர் செய்யாததற்கு நோட்ஸ் காரணம் இல்லை. செய்தேன், ஒன்று. பல்தேர்வில் 50 க்கு 17. அதற்குப் பிறகு அந்தக் கட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. நோட்ஸ் எழுதினால் பிழைக்காது. பென்சன் சேர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

டாக்டர் ஆசை பற்றி. பாட்டிக்கு இரவில் நெஞ்சு வலி வந்தபோது தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த லொறியில் நானும் இருந்தேன். அதிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், டாக்டராவேன் என்று. இப்போது வேறொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேராதனை அண்ணா எழுதியதை வாசித்த பிறகு வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுதாக இல்லை.

பென்சன்_வாத்தியார்

வா தம்பி. நீ வந்தது நல்லது.

50 க்கு 17 எடுத்த தாள் எந்த வருடத்தது? அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பிழைத்த 33 உம் நமக்கு வேண்டும். நான் கண்டுபிடிக்கவில்லை, நோட்ஸுக்குள் ஒளிந்த பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான் ஒளிவார்கள். படிக்காதவன் தாளில் கிறுக்கிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான்.

வாரத்துக்கு ஒரு தாள். செய்து, நீயே திருத்தி, படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். காசு கீசு என்று பேசாதே. எனக்கும் பின்னேரத்தில் வேலை இல்லை, வீட்டில் சும்மா இருந்தால் திட்டு விழுகிறது.

சிங்கமலைச்_சிங்கம்

தம்பி, நான் இந்த இழையில் முன்னால் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். ஹட்டனில் என் கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது. மேசை, லைட் எல்லாம் இருக்கிறது. சனி, ஞாயிறு டியூஷன் முடிந்ததும் அங்கே இருந்து தாள் செய்யலாம். அக்காவிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தி போடு. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 😀

நிரைக்காரி_மகள்

சிங்கம் அண்ணா, இது உங்கள் அண்ணன் கணக்கில் ஏறும்.

நோர்வூட்_அக்கா

நிலவரம்: விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. மருத்துவத்தை முதலில் போட்டான், அது அவனுடைய ஆசை, நான் தடுக்கவில்லை. அடுத்து சித்த மருத்துவம், விவசாயம், தேயிலைத் தொழினுட்பம் என்று போய், கீழே இன்னும் கொஞ்சம். தேர்ட் ஷைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப் போகிறான். அப்பா சம்மதித்தது ஒரு நிபந்தனையோடு: இதற்குப் பிறகு ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அதை வைத்துக் கிடைக்கிறதைச் செய்ய வேண்டும், நாலாவது பேச்சே கிடையாது. நாலாவது தடவை பல்கலைக்கழகத்துக்கு எண்ணப்படாது என்று சொன்ன பிறகும், "அது அவங்க சட்டம், இது என் சட்டம்" என்கிறார்.

தம்பி_நான்தான்

சேர், 17 எடுத்த தாளைத் திரும்பச் செய்தேன். 22. பிழைகளுக்குப் பக்கத்தில் நீங்கள் சொன்ன சொல்லை எழுதினேன். "அலகு" ஒன்பது இடத்தில் வருகிறது. "தெரியாது" அதிகமாக வருவது மின்னோட்டத்தில். கிர்ச்சோப் விதியில் தடத்தைச் சுற்றி வரும்போது கலத்துக்கு எப்போது சக (+), எப்போது சய (−) என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன். படம் அனுப்பியிருக்கிறேன்.

பென்சன்_வாத்தியார்

கிடைத்தது. ஒன்பது அலகுப் பிழையை அடுத்த தாளில் நாலாக்கு, அதற்குப் புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை. கிர்ச்சோப்பில் நீ பாதி வழியில் சுற்றும் திசையை மாற்றுகிறாய், அதுதான் கோளாறு. முதலில் அம்புக்குறியைப் போட்டுவிட்டு அதன் வழியே மட்டும் போ. சயமுனையால் நுழைந்து சகமுனையால் வெளியே வந்தால் சக, மறுபக்கமாக வந்தால் சய.

இரண்டாவது பக்கத்துப் படத்தில் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கொப்பியை வெளிச்சத்தில் வைத்துத் திரும்ப எடுத்து அனுப்பு.